ரெண்டுதரம்

பாசையூர்ச் சந்தையில்
மீனுக்கு முதல் என் தொண்டைக்குத்தான் விலை.
விடிய நாலரைக்கு ஒட்டியும் ஓராவும் கூறுகூறாய்ச் சரிய
நான் ஒருதரம் என்றால்
கடற்கரை வீதிவரை கேட்கும்.

பிறகு சுருதி இறங்கியது.
தடிமன் என்றேன். கொத்தமல்லி குடித்தேன்.
ஏழாயிரத்துக்குக் கூறிய சீலா
ஆறாயிரத்துக்குப் போனது.
கேட்கேல்லை அண்ணை, என்றான் யாவாரி.

பெரியாஸ்பத்திரியில் மூக்கால் குழாயை விட்டுத்
திரையை என் பக்கம் திருப்பினார் டொக்டர்.
எனக்கு அதைத் தெரியும்.
வலை சிக்கிக் கிழிகிற முருகைக்கல்.
அதே வெளிறிய கொத்து, குரல்நாண் இரண்டிலும்.

வெட்டினார்கள். பத்துக் கிழமையில் முளைத்தது.
வெட்டினார்கள்.
ஒன்பதாம் முறை மயக்க மருந்து டொக்டர் அம்மா
துண்டைப் பார்க்காமலே
"வாங்கோ லசால்" என்றா.

அந்த வருடம் விரலால் ஏலம் கூறினேன்.
எல்லாரும் கையைப் பார்த்தார்கள்.
முகத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

"ஒரு ஊசி போட்டுப் பாப்பம்.
வராமல் தடுக்கிற ஊசிதான்.
வந்த ஆக்களிலயும் சிலபேருக்கு இடைவெளி நீளுது.
சத்தியம் பண்ணமாட்டன்."
பெயரைக் கேட்டதும் சத்தமில்லாமல் சிரித்தேன்.
ஆறாம் வகுப்பில் மகள் ஸ்டெபிக்காவுக்குப்
பள்ளிக்கூடத்தில் போட்ட அதே ஊசி!
தாதி அட்டையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தா:
"இது பொம்பிளைப் பிள்ளையளுக்கெல்லோ?"
மகள் தன் தோளைத் தொட்டுக் காட்டினாள்.
இதிலதான் அப்பா. கொஞ்சம் நோகும். மற்றப் பக்கம் பாருங்கோ.

உள்ளே கிருமி இல்லையாம், அதன் வெறுங்கோதாம்.
அதை வைத்து உடம்பு ஆளை அடையாளம் பிடிக்குமாம்.
எனக்குத் தொண்ணூற்றாறு ஞாபகம் வந்தது.
மைதானத்து வெயிலில் இருத்தி வைத்திருந்த எங்களைச்
சாக்கு மூடின ஒருவன் ஓட்டைக்குள்ளால் பார்த்தது.
எனக்கு அவன் ஆட்டவில்லை. வீட்டுக்கு வந்தேன்.
பக்கத்தில் இருந்தவன் வரவில்லை.
இப்போது என் இரத்தத்துக்குள்ளேயே
ஒரு தலையாட்டி.
ஆட்டு, ராசா. இந்தமுறை
ஒன்றையும் விடாதே.

சித்திரையில் ஒன்று. ஆனியில் ஒன்று.
ஐப்பசிக்கு ஒன்று கிடக்கு.
கடைசி வெட்டுக்குப் பிறகு இருபத்துமூன்று கிழமை.
குரல் இன்னும் கரகரப்புத்தான்,
வீதிக்குப் போகாது, தராசுவரை போகும்.

நேற்று ஒரு பாரைக்கூறு
விலை ஏறி ஓரிடத்தில் நின்றது.
யாவாரிமார் காத்துக்கொண்டு, ஐஸ் உருகிக்கொண்டு.
ரெண்டுதரம் என்றேன்.
என்றுவிட்டுக்
கொஞ்சநேரம் வாயைத் திறக்காமல் நின்றேன்.