புல எண் முப்பத்தெட்டு

வீரவநல்லூரில், உரக்கடை மாடியில்,
டாக்டர் ரஹ்மத் நிஷா என் தாடையை
வெளிச்சப் பெட்டியில் மாட்டினாள்.
சாம்பல் நிறத்தில் எல்லாரும் வரிசையாய் நிற்க
கடைசியில் ஒருத்தி மட்டும்
படுத்திருந்தாள்.

"கீழ்வாய், இடப்பக்கம், மூணாம் கட்டம்.
அதுல எட்டாவது. நாங்க முப்பத்தெட்டும்போம்."
எனக்குச் சிரிப்பு வந்தது, வாய்தான் வரவில்லை.
மூன்று நாளாய் அது ஒரு விரல் அகலத்துக்கு மேல்
கதவு திறக்க மாட்டேன் என்கிறது.
அந்த வாரம் முழுக்க நான் அளந்ததும்
புல எண் முப்பத்தெட்டுதான்.
கன்னடியன் கால்வாய் ஓரம்,
ஆவுடையப்பன், கோமதிநாயகம்,
ஒரு தாய் வயிற்றுக்காரர்கள்,
நடுவில் வருடா வருடம் நகர்கிற வரப்பு.

அன்று காலை கன்னம் வீங்கி
வயலில் இறங்கினேன்.
"சர்வேயரம்மா வாயில
அவன் எத்தன லட்டு வச்சான்?"
என்று கேட்டான் அண்ணன்.
அதையே தம்பி கொஞ்சம் தள்ளி நின்று கேட்டான்.
பதில் சொல்ல நாக்கு இருந்தது,
வழி இல்லை.
பலவேசம் டேப்பை இழுத்தார்.
இரண்டு மீட்டர் எழுபது என்று
அவர் உள்ளங்கையில் பேனாவால் எழுதினேன்.
அவர் அதைச் சத்தமாகப் படிக்காமல்
கையை மூடிக்கொண்டார்.

நிஷா ஒரு வளைந்த கம்பியால்
ஈறின் மூடியைத் தூக்கினாள்.
உயிர் உச்சந்தலைக்குப் போய்த் திரும்பியது.
பாதி முளைத்த பல்லுக்கு மேலே இப்படி ஒரு மூடியாம்,
அதற்கடியில் சோறு நுழையும், பிரஷ் நுழையாது.
உள்ளேயிருந்து வந்தது ஒரு முருங்கை நார்.
"யாரு வீட்டுச் சொதி?"
அக்காவின் மறுவீடு. ஞாயிற்றுக்கிழமை.
கம்பி இருந்ததால் சொல்லவில்லை.

ஞானப்பல்லாம்.
பேர் வைத்தவனுக்கு வலித்திருக்காது.
இருபத்தேழு வயதில் அது கொண்டுவந்த ஞானம்:
ரசம் சாதத்தைக் கூட
உறிஞ்சித்தான் குடிக்க வேண்டும்.
தாடை எப்போதோ குறுகிவிட்டது,
அந்தச் சேதி பல்லுக்குப் போய்ச் சேரவில்லை.
பழைய பட்டாவைக் கையில் பிடித்தபடி
கடைசிப் பஸ்ஸில் வந்து இறங்கியிருக்கிறாள்,
இருக்கிற இடத்தில் எல்லாம் வீடு கட்டிய பிறகு.

"எல்லாருக்கும் எடுக்கணும்னு இல்ல.
நேரா வந்து, தேய்க்க எட்டுச்சுன்னா
அது பாட்டுக்குக் கெடக்கட்டும்.
ஒனக்கு ஏழாம் பல்லப் போயி முட்டுது பாரு,
அங்க சொத்த தொடங்கிட்டு."
மாத்திரை, ஐந்து நாள் வெந்நீரில் உப்பு.
பிறகு வந்தால் ரெண்டாய் உடைத்து எடுப்பாள்.
வேருக்குக் கீழே ஒரு நரம்பு ஓடுகிறது,
படத்தில் மெல்லிய வாய்க்கால் மாதிரி.
அது சிணுங்கினால் கீழுதடு மரத்துப்போகலாம்,
சில வாரம், சில மாதம்,
ரொம்ப அபூர்வமாய் அப்படியே.
"இதுல ஒரு கையெழுத்துப் போடு."
ஊரெல்லாம் என் முன்னால் கையெழுத்துப் போடும்.
சம்மதிக்கிறேன் என்ற வார்த்தை
இத்தனை சின்ன எழுத்தில் இருக்கும் என்று
நான் கவனித்ததில்லை.

எடுத்ததைக் காட்டினாள். இரண்டு துண்டு,
ரத்தம் கழுவினால் வெள்ளைச் சரளைக்கல்.
இதற்கா இவ்வளவு?

பத்தாம் நாள் மறுபடி முப்பத்தெட்டு.
புலப்படத்தை வரப்பில் விரித்து,
கல் இருக்க வேண்டிய இடத்தைக் காலால் மிதித்துக் காட்டி,
வாய் திறந்து சொன்னேன்:
"ரெண்டு எழுவது. தம்பி பக்கம் ஏறியிருக்கு."
தம்பி மேல்கோர்ட்டு என்றான்.
அண்ணன் டீ வாங்கி வரச் சொன்னான்.
நான் வேண்டாம் என்றேன், வெயில் வேண்டும் என்றது.

டம்ளரை இறக்கியதும் பலவேசம்
யாரும் பார்க்காதபடி
தன் தாடையை ஒருமுறை தொட்டுக் காட்டினார்.
துடைத்தேன்.
கை ஈரமாயிற்று.
தாடைக்கு அது தெரியவே இல்லை.