ஏழாவது தீர்மானம்

மூன்று மணிக் கூட்டம்
நாலேகாலுக்குத் தொடங்கிற்று.
பொதுநோக்கு மண்டபத்தில் ஒரு மின்விசிறி சுற்றும்,
மற்றது 'அன்பளிப்பு' என்ற எழுத்தோடு சும்மா நிற்கும்.
நான் செயலாளர். கூட்டக் குறிப்புக் கொப்பி என் மடியில்.
அதில் எழுத முடியாததை
இதில் எழுதுகிறேன்.

பிரதேச செயலகத்துப் பிள்ளை
வரைபடத்தை நிலத்தில் விரித்தாள்.
காற்றுத் தூக்காமல் நாலு மூலைக்கும்
நாலு செருப்பு.
முதிரைக்குளம் நீலம், வயல் மஞ்சள், காடு பச்சை.
குந்தியிருந்து ஆளாளுக்கு
பேன் பார்ப்பதுபோல்
தன் தன் வளவைத் தேடினோம்.

"என் வீடு எங்கம்மா?" என்றாள் மாரியாயி.
அவள் விரல் வாய்க்காலோடு போனது,
துருசடியில் திரும்பியது,
பச்சைக்குள் போய் நின்றது.
பதின்மூன்று வீடு, பதினொரு மலசலகூடம், ஒரு கிணறு.
எழுபத்தேழில் மலையிலிருந்து துரத்தப்பட்டு வந்தவர்களின்
பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்
அந்தப் பச்சைக்குள்தான் உலை வைக்கிறார்கள்.
"செய்மதியில எடுத்த படம் அக்கா."
"நான் காயப்போட்ட சேலை அதுக்குத் தெரியலையா?"
சிரித்தோம்.
அவள் சிரிக்கவில்லை.

முன்னுரிமை ஐந்து மட்டும், என்றார்கள்.
ஐந்துக்குள் அடங்க எங்களுக்குப் பழக்கமில்லை.
தவபாலசிங்கம் தன் படலைக்கு நேரே விளக்குக் கேட்டார்,
யானைக்கு அவர் படலையில்தான் விருப்பமாம்.
குணசீலி கதைக்கவில்லை.
விடிய நாலரைக்கு
ஆடைத் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுகிறவள்.
எழும்பிப் போனாள்,
சைக்கிளை உள்ளே உருட்டி வந்தாள்,
ஒரு செருப்பைக் காலால் தள்ளிவிட்டு
முன்சில்லைப் படத்தின்மேல் ஏற்றினாள்.
துருசடியிலிருந்து பஸ் ரோட்டுவரை
பச்சையைக் கிழித்துக்கொண்டு
ஒரு செம்மண் கோடு.
"இதுதான் ஒழுங்கை."
ஒருவரும் அதைத் துடைக்கவில்லை.

பெயர் வேண்டும், என்றாள் பிள்ளை.
பெயரில்லாத பாதைக்குக் காசு ஒதுக்கேலாதாம்.
யாரோ ஒரு பெயரைச் சொன்னார்.
விசிறிச் சத்தம் பெரிதாய்க் கேட்டது.
அந்தப் பெயர்க்காரன் யாரென்று எல்லோருக்கும் தெரியும்,
எந்த ஆண்டோடு அவன் வயது நின்றதென்றும்.
அவன் தாய் பின்வரிசையில் இருந்தாள்.
அவளே சொன்னாள்:
"அதை எழுதினா கோப்பு லாச்சிய விட்டு வராது.
வேற வையுங்கோ. கிறவல்தான் வேணும்."
எழுதியதை அடித்தேன்.
அடித்த கோடு கொப்பியில் இன்னும் இருக்கிறது.

கதவடியில் நின்ற பொடியன் ஒருத்தன்தான் சொன்னான்,
"சறுக்கு ஒழுங்கை. அப்பிடித்தானே சொல்றனாங்கள்?"
மாரியில் அங்கே விழாத ஆளில்லை.
கிராம சேவகரும் விழுந்தவர், சாட்சி உண்டு.
கைகளை எண்ணினேன். நாற்பத்தொன்று.
எதிராக ஒன்று, தவபாலசிங்கம்.
விளக்கு முடிவாகும்வரை கையை இறக்கமாட்டேன் என்றார்.

இரண்டு மாரி போயிற்று.
மூன்றாம் கோடையில் டிப்பர் வந்தது.
கேட்டது அறுநூறு மீற்றர்.
குணசீலி சில்லில் சிவப்புத் துணி கட்டி
சுற்றை எண்ணி எண்ணி உருட்டினாள்:
நானூற்றுப் பத்து. எழுதுங்கோ, என்றாள்.
மதகுக்கு மூன்று குழாய் கேட்டோம், இரண்டு வந்தது.
மாரியாயி வாசலோடு கிறவல் நின்றுவிட்டது,
அங்காலே ஐந்து வீடு இன்னும் செம்மண்ணில்.
பேர்மிட் ஒருத்தருக்கும் இல்லை.
ஆனால் பஸ் ரோட்டில் ஒரு பலகை,
மூன்று மொழியில்,
அம்புக்குறி பச்சைக்குள் காட்டுகிறது.
தமிழில் 'சருக்கு ஒழுங்கை.'

நேற்று அடுத்த கூட்டத்துக்கு அறிவித்தல் ஒட்டினேன்.
பிற்பகல் மூன்று மணி.
முதலாவது விடயம்: மிச்ச நூற்றுத்தொண்ணூறு மீற்றர்.
இரண்டாவது: தவபாலசிங்கத்தின் விளக்கு
(படலை இப்போது இல்லை, யானை இருக்கிறது).
மூன்றாவது: ஓர் எழுத்து,
ற.