கடைசிக்கு முந்தின இடம்

வாழப்பாடிச் சந்தையில் நானூறு சொன்னான்,
முந்நூற்றைம்பதுக்குப் படிந்தது.
கட்டைப்பைக்குள் உடம்பு, வெளியே தலை.
இருபது கொண்டை ஊசி வளைவுக்கும்
தன் கொண்டையை ஒருமுறைகூட உள்ளிழுக்கவில்லை.
"இதுக்கு அரை டிக்கெட்டுங்க" என்றார் கண்டக்டர்.

செம்மடுவில் இறங்கும்போது மூடுபனி.
கொடாப்பில் ஏற்கெனவே ஐந்து.
கருப்பி, செவலை, புள்ளிச்சி,
பேர் வைக்காத இரண்டு.
கருப்பிதான் மேஸ்திரி.
அவள் தின்று நிமிர்ந்தால்தான்
அடுத்தவள் குனியலாம்.

"நேரா விட்டுடாத" என்றாள்
வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஞானசௌந்தரி.
"வலைக்கூண்டுல வை. பாத்துப் பாத்து
அதுங்களுக்குச் சலிக்கணும்."
வைத்தேன்.
ஆறாம் நாள் எனக்குச் சலித்துவிட்டது.

இருட்டில் திருட்டுத்தனமாய் உள்ளே செருகினேன்,
கோழிக்கு எண்ணத் தெரியாது என்று நம்பி.
ஐந்துக்கும் ஆறுக்கும் உள்ள வித்தியாசத்தை
விடிகாலை ஐந்தரைக்கே கண்டுபிடித்துவிட்டன.

கொண்டையில் ரத்தம். மஞ்சள் குழைத்து அப்பினேன்.
இரண்டு தட்டில் கம்பு வைத்தேன்,
இரண்டுக்கும் கருப்பியே காவல் நின்றாள்.
மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் அடியில்
புதுசு தனியாக
காய்ந்த இலையைச் சீய்த்தபடி இருந்தது,
அங்கேதான் வேலை என்பதுபோல.

பதினோராம் நாள் வல்லூறு.
நான் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன்,
நிழல் ஓடியதைக்கூடப் பார்க்கவில்லை.
புதுசுதான் கத்தியது.
தகரத்தைக் கல்லில் இழுத்த மாதிரி ஒரே கத்து.
ஐந்தும் காப்பிச் செடிக்குள்.
இனிமேல் சேர்த்துக்கொள்வார்கள் என்று
ஈரத்துணியோடு நின்றேன்.
வல்லூறு போனது. கருப்பி வெளியே வந்தாள்,
இறகை உதறினாள்,
நேராகப் போய்ப் புதுசின் தலையில் ஒரு கொத்து.

மழை பிடித்துக்கொண்ட வாரம்
எப்போது என்ன பேசி முடித்தார்களோ தெரியாது.
இன்றிரவு டார்ச் அடித்துப் பார்க்கிறேன்.
மூங்கில் கழியில் வரிசையாக
கருப்பி, புள்ளிச்சி, பேரில்லாத இரண்டு,
அவர்களோடு ஒட்டி, கண்மூடி,
புதுசு.
பதினெட்டு நாளாகியும்
நான் அதைப் புதுசு என்றே கூப்பிடுகிறேன்.

கழியின் கோடியில்,
கூரை ஒழுகிச் சொட்டும் இடத்தில், செவலை.
இறகுதிர்க்கும் காலம் அவளுக்கு.
பிடரியில் தோல் தெரிகிறது,
அதில் இன்று கொத்திய தடம்.
யார் கொத்தியது என்று
டார்ச்சை மறுபடி வரிசையில் ஓட்டுகிறேன்.
எல்லாம் தூங்குகின்றன, நல்லவர்கள் மாதிரி.

மஞ்சள் கிண்ணம் எடுக்க
வீட்டுக்குள் திரும்புகிறேன்.