மெய்யாகவே பெய்தது

சீனாவுக்குப் பாடநூல் ஒதுக்கியது ஒன்றேகால் பக்கம்.
மஞ்சள் ஆற்றுக்கு ஒரே வரி: 'சீனாவின் துயரம்'.
அடிக்கோடு போடுங்கள், இரண்டு மதிப்பெண் என்றேன்.
ஒன்பதாம் வகுப்பு ஆ பிரிவில்
ஐம்பத்து மூன்று அளவுகோல்கள் ஒன்றாய்ச் சறுக்கின.
புவிஷா மட்டும் நிமிர்ந்தாள்:
துயரம்னா எவ்ளோ உயரம் மிஸ்?
கெடிலம் வந்தப்ப எங்க வீட்டுச் சுவத்துல நின்ன கோடு
இப்பவும் இருக்கு.
அப்ப என் தலைக்கு மேல. இப்ப இடுப்பு.

மீதி முக்கால் பக்கத்தை மூடி வைத்துவிட்டு
ஷாங் அரசர்களிடம் போனோம்.
ஆமையின் அடியோட்டைத் தேய்த்து வழவழப்பாக்கி
பின்புறம் குழி குடைந்து சூடு வைப்பார்கள்.
டப்பென்று ஒரு கீறல் ஓடும்.
செத்துப்போன பாட்டன்கள் அதில் பேசுவார்கள்.
மழை வருமா? இந்தப் பல்வலி எந்த மூதாதையின் கோபம்?
எதையும் இரண்டு விதமாகச் சொல்லிப் பார்ப்பார்கள்.
வலப்பக்கம்: பெய்யும்.
இடப்பக்கம்: பெய்யாது.

ஆமை புகுந்த வீடு உருப்படுமா மிஸ்?
வகுப்பே சிரித்தது.
சோனாங்குப்பத்துப் பெண்கள் சிரிக்கவில்லை.
தை பிறந்தால் அவர்கள் கரையில் ஒதுங்கும்,
கண் வெளுத்து, கழுத்தில் வலை இறுகி.
நாற்றம் எடுக்குமுன் குழி தோண்டிப் புதைப்பார்கள்.
அந்த ஓட்டிடம் யாரும் எதையும் கேட்டதில்லை.

கடைசி பெஞ்சு ரஸ்மியா கை தூக்கினாள்.
ஆமைக்குள்ள 'ஆம்' இருக்கு மிஸ்.
அறியாமை, இல்லாமை, வராமை...
'இல்லை'யும் அதுக்குள்ளதான் இருக்கு.

சாக்பீஸ் என் கையிலேயே நின்றது.
பி.எட்.டில் இதற்கு என்ன செய்வதென்று சொல்லித்தரவில்லை.

அந்தத் தைரியத்தில்தான்
சொல்லாமல் விட நினைத்ததையும் சொன்னேன்.
ஓர் அரசிக்குப் பேறுகாலம். நல்லபடி ஆகுமா?
ஓட்டில் கேட்டு, முப்பத்தொரு நாள் கழித்து
அதே ஓட்டில் விடையும் வெட்டியிருக்கிறார்கள்:
நன்றன்று. பெண்.

மின்விசிறி சுற்றுவது கேட்டது.
அந்தக் கொழந்தை பேரு?
தெரியாதும்மா.
அவங்கம்மா பேரு தெரியுமா?
தெரியும். அவள் படை நடத்திப் போனாள்,
அதையும் ஓடுதான் சொல்கிறது.
அப்புறமும் நன்றன்றா, என்றாள் யாரோ.
குரல் எந்த பெஞ்சிலிருந்து என்று நான் தேடவில்லை.

பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஆமையாக வெட்டிக் கொடுத்தேன்.
கேளுங்கள், இரண்டு பக்கமும் எழுதுங்கள்.
'நாளைக்குக் கலெக்டர் லீவு விடுவார். விடமாட்டார்.'
இது இருபத்தேழு பேர்.
'சிப்காட் நாத்தம் ராத்திரி வரும். வராது.'
'அக்காவுக்குப் பத்து பவுன் கேப்பாங்க. கேக்கமாட்டாங்க.'
தேவகிருபாவின் அட்டையில் வலப்பக்கம் மட்டும்:
'செவ்வாக்கிழமை போன போட்டு கரைக்கு வரும்.'
இன்னொரு பக்கம்?
எழுதினா அதுக்குக் கேட்டுடும் மிஸ்.
எதற்கு என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.
துறைமுகத்தில் காலையிலேயே கூண்டு ஏற்றிவிட்டார்கள்.

இரவு ஒன்பது நாற்பது.
மஞ்சக்குப்பத்தில் ஓடு தெறிக்கும் மழை.
விடுமுறைச் செய்தி ஐந்து குழுக்களில் வந்துவிட்டது.
ஷாங் எழுத்தர்களும் இப்படித்தான்
பிறகு ஒருநாள் ஓட்டை எடுத்து ஓரத்தில் வெட்டுவார்களாம்:
மெய்யாகவே பெய்தது.
பல ஓடுகளில் அந்த இடம் வெறுமை.
பெய்ததா, பல் விட்டதா, யாருக்கும் தெரியாது.

சிவப்புப் பேனாவில் இருபத்தேழு முறை எழுதினேன்:
மெய்யாகவே விட்டார்.
இருபத்தெட்டாவது அட்டையைக் கீழே வைத்து
வருகைப் பதிவேட்டின் பின்பக்கம் திருப்பினேன்.
தேவகிருபா, அம்மா கைப்பேசி, பத்து இலக்கம்.
ஏழு அழுத்திவிட்டேன்.