நின்றபடி

ஒன்பதே காலுக்கு எழும்பி நிற்போம்.
கொள்ளுப்பிட்டி, ஏழாம் மாடி,
கண்ணாடிக்கு அப்பால் கடலோர ரயில்
வாசலில் ஆட்கள் தொங்க மருதானைக்குப் போகும்.

நேற்று என்ன, இன்று என்ன, எது மறிக்கிறது.
ஆளுக்கு ஒரு நிமிடம்.
தினுகவுக்கு இரண்டு.
ரிஸ்மி வாய் திறந்தால்
சேர்வரின் சாதகம் முழுதும் கேட்க வேண்டும்.

எனக்கு ஏழாம் மாதம்.
பாவம் பார்த்து ஒரு கதிரை கொண்டுவந்தார்கள்.
மறுநாள் அதற்குத் துணையாய் இன்னொன்று.
வெள்ளிக்கிழமை எல்லாருமே இருந்தார்கள்.
தேத்தண்ணி வந்தது, மாலு பாண் வந்தது,
யாரோ காலை நீட்டினார்கள்.
பத்தரைக்கும் ஒரு பிழை திருந்தவில்லை.

திங்கள் நானே கதிரைகளை வெளியே தள்ளினேன்.
சப்பாத்தைக் கழற்றி, குளிர்ந்த தரையில்
வீங்கிய கால்களோடு நின்றேன்.

நேற்று, பணம் கட்டும் பக்கம்.
இன்றும் அதே பக்கம்.
மறிப்பது, தினுக,
நீங்கள் இன்னும் பார்க்காத என் கோட்.

அதற்குப் பிறகு ஒருவருக்கும் வாய் நீளவில்லை.
ரிஸ்மிகூட மூன்றே வசனம்.
அடுத்த ரயில் வருமுன் கலைந்தோம்.

உள்ளே ஒருத்தி மட்டும்
நேரம் முடிந்தது தெரியாமல்
உதைத்து உதைத்து
ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தாள்.