வலது வளைவில் மட்டும்

சீலநாயக்கன்பட்டி அங்கமுத்து, கியர்பாக்ஸ் என்றார்.
இருபத்தெட்டாயிரம்.
கொண்டலாம்பட்டிக்காரர் வண்டிக்கு அடியில்கூடக் குனியவில்லை.
"கிரவுன் பினியன்மா, சந்தேகமே வேண்டாம்" என்று
டீயை ஊதினார்.
சித்தேசன் இரண்டு பேரையும் நம்பினான்.
கேட்பதில் அவனுக்கு ஒரு காது மந்தம்,
நம்புவதில் இரண்டும் கூர்மை.

நான் அம்மாபேட்டையில் பதினோரு வருஷம் தறி ஓட்டியவள்.
பதினாறு தறி ஒன்றாக அடிக்கிற கொட்டகையில்
ஏழாவது தறியில் ஒரு இழை அறுந்தால்
முதுகைக் காட்டி நின்றாலும் தெரியும்.
சத்தத்துக்குள் சத்தம் இருக்கும்.
மேலே இருப்பதை உரித்துப் போட்டுவிட்டு
அடியில் இருப்பதை எடுக்கணும்,
பலாச்சுளை மாதிரி, பிசினுக்குப் பயப்படாமல்.

கோரிமேடு தாண்டியதும் பின்னால் ஏறிக்கொண்டேன்.
காலிச் சாக்கை விரித்து, துண்டால் தலையைக் கட்டி,
பலகையில் காதை வைத்துப் படுத்தேன்.
பால்காரர் ஒருவர் பிரசவ கேஸ் என்று நினைத்து
வழி விட்டார்.

"நாலுல போ. இப்பக் கால எடு."
எடுத்தான். முனகல் மாறவில்லை.
பல்சக்கரம் என்றால் மிதித்தால் ஒரு குரல்,
விட்டால் வேறு குரல்.
இது இரண்டுக்கும் ஒரே பதில் சொல்கிறது.
"நியூட்ரல்ல உருட்டு."
எஞ்சின் அடங்கியும் இது அடங்கவில்லை.
கியர்பாக்ஸ் மேல் இருந்த சந்தேகத்தில் முக்கால் பங்கு
அடிவாரச் சாவடியிலேயே இறங்கிக்கொண்டது.

பிறகு கொண்டை ஊசிகள்.
இடது பக்கம் ஒடித்தால் ஒன்றுமில்லை.
வலது பக்கம் ஒடித்தால்
கொட்டாங்குச்சியில் கல்லைப் போட்டு உருட்டுகிற சத்தம்.
தையல் சாக்பீஸால் பக்கப் பலகையில் கோடு போட்டேன்.
ஏழாவது வளைவில் பஸ் வந்து ஆரன் அடித்தது,
அது கணக்கில் இல்லை.
பதினொன்றில் ஒரு குரங்கு உள்ளே குதித்து
சாக்பீஸைப் பிடுங்கிக்கொண்டு போனது.
மிச்சத்தை விரல் மடக்கி எண்ணினேன்.

வலது பக்கம் திரும்பும் வண்டி
பாரத்தை இடது சக்கரத்தின் தோளில் சாய்க்கும்.
எந்தத் தோள் நோகிறதோ அதுதான் முனகும்.
இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.
பத்து வயதில் இருந்து தண்ணீர்க் குடம் தூக்கியிருக்கிறேன்.

மேலே, சில்வர் ஓக் நிழலில் ஜாக்கி வைத்தோம்.
பின் இடது சக்கரம்.
சுற்றிவிட்டு, ஸ்பிரிங் பட்டையில் கையை வைத்தேன்.
எறும்புச் சாரி ஊர்கிற மாதிரி ஒரு நடுக்கம்
முழங்கை வரைக்கும் ஏறியது.
அவன் கையையும் இழுத்து வைத்தேன்.
மந்தமான காதுக்கு வராதது
உள்ளங்கைக்கு வந்துவிட்டது.
"அடிப்பாவி" என்றான்,
பேரிங்கையா என்னையா என்று தெரியவில்லை.

செவ்வாய்ப்பேட்டையில் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.
கழற்றிய பழசின் உருளைகள் நீலம் பாரித்து,
ஓடுபாதை முழுக்க அம்மைத் தழும்பு.
கிரீஸ் காபிச் சக்கையாகக் கருகிக் கிடந்தது.
கொண்டலாம்பட்டி வழியாகத்தான் திரும்பணும் என்று
அடம்பிடித்து வந்தான்.
அங்கே யாரும் எங்களைப் பார்க்கவில்லை.

வியாழக்கிழமை நாகலூர் மிளகோடு இறங்கினோம்.
முன் சீட்டில் நான்.
இத்தனை அமைதியாக இந்த வண்டியை
வாங்கின அன்றைக்குக்கூடக் கேட்டதில்லை.
அவன் வாய்க்குள்ளேயே ஏதோ பாடிக்கொண்டு வந்தான்.
பதினான்காவது பலகை தாண்டி
மூன்றாவது கியரில், மிதிக்கும்போது மட்டும்,
பித்தளைச் சொம்பில் நகம் படுகிற மாதிரி
மெல்லிசாக ஒன்று.
காலை எடுத்தால் இல்லை.
மிதித்தால் இருக்கிறது.
அத்தனை நாளும் முனகலுக்கு அடியில் படுத்திருந்திருக்கிறது.

அங்கமுத்து முழுப் பொய்யர் இல்லை.

"இப்ப ஏதாச்சும் கேக்குதா?" என்றான்.

வண்டித் தவணை இன்னும் நாலு.
மிளகு இன்னும் ரெண்டு நடை.

"காத்து" என்றேன்,
கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.