நாலுக்குக் கீழே தேயிலைக் கறை

பகலில் பல் கட்டுகிறேன்.
கீழக்கரையில், மருந்துக்கடை மாடியில்,
மெழுகில் கடைவாய், அக்ரிலிக்கில் ஈறு.
இரவில் அதே மேசை, அதே விளக்கு, அதே பூதக்கண்ணாடி.
விசிறியை மட்டும் நிறுத்திவிடுவேன்.
வினாடி முள் இமைமுடியைவிட லேசு.
போன ரமலானில் ஒன்று பறந்துபோனது,
இன்னும் பெருக்கும்போதெல்லாம் தேடுகிறேன்.

இயந்திரம் ஜப்பான்.
கூடு சீனம், தபாலில் வரும்,
மேலே 'பொம்மை உதிரி' என்று எழுதியிருக்கும்.
தோல்பட்டை ஆம்பூர்.
டயலில் இருக்கும் பெயர் மட்டும் சுவிஸ்.
அந்த ஊரை நான் பார்த்ததில்லை,
அந்த ஊருக்கும் என்னைத் தெரியாது.

அறுபது வருடத்துக்கு முந்தையது மாதிரி வேண்டும் என்கிறார்கள்.
அறுபது வருடத்தை எந்தக் கடையில் வாங்க?
தூரிகையில் சாயத்தண்ணி தொட்டு
எண்களின் மேல் வைக்கிறேன்.
காயவிட்டு, மறுபடி.
பல்லுக்கு நிறம் பார்க்கும் அட்டையை
பக்கத்தில் பிடித்துப் பார்ப்பேன்:
ஏ-ஒன்று பிள்ளைகள்,
ஏ-மூன்று நாற்பது வயது,
மூன்றரை என்றால் வெற்றிலை போடாத ஐம்பத்தைந்து.
பன்னிரண்டு மணிக்கு மூன்றரை வைப்பேன்,
ஆறுக்குக் கொஞ்சம் இளசு.

கடலுக்கு இது சிரிப்பாயிருக்கும்.
பூட்டு, ஜன்னல் கம்பி, புது மோட்டார் சைக்கிள்,
ஒரு வாடைக்காற்றில் எல்லாம் கிழடாகும் ஊர்.
அதனால்தான் பின்மூடி வளையத்துக்கு
சிலிக்கான் பசையை விரல்நுனியால் உருட்டி உருட்டித் தடவுகிறேன்.
வெளியே எவ்வளவு வயதும் ஏறட்டும்,
உள்ளே உப்பு ஏறக்கூடாது.

விற்கும்போதே சொல்லிவிடுவேன், இது நகல்.
சீட்டிலும் எழுதித் தருவேன்.
சீட்டு அப்புறம் எங்கே போகிறது
என்பது என் பாடில்லை என்றிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அசருக்குப் பின் மர்ஜூக் வந்தார்.
கல்யாணமாகிப் பதினோரு நாள்,
பெண்வீட்டுச் செருப்பு இன்னும் காலுக்குப் பழகவில்லை.
மணிக்கட்டில் என் கடிகாரம்.
"லாத்தா, மாமா போட்டுவிட்டது.
அவுக வாப்பா கொழும்புல வாங்குனதாம்.
ஒரிஜினல்தானான்னு சும்மா பாருங்க.
சந்தேகமில்ல. சும்மா."

நாலுக்குக் கீழே சீரக அளவில் அந்தக் கறை.
கை தவறிச் சொட்டியது,
துடைக்கப் போய், இருக்கட்டும் என்று விட்டது.
பின்மூடியைத் திருகினேன்.
உள்பக்கம் என் ஊசி கீறிய தேதி, போன மார்ச் ஏழு.
அவர் பக்கம் சாயாமல் பிடித்துக்கொண்டேன்.

செய்யிதகமது காக்காவை எனக்குத் தெரியும்.
நிக்காஹ் அன்று வாசலில் நின்று
வந்தவர்களையெல்லாம் பார்த்துச் சிரித்தாரே,
அந்த மேல்வரிசை பதினாலும் நான் வார்த்தது.
பல் என்னுடையது.
சிரித்தது அவர்தான், அதில் கலப்பில்லை.

கைபேசியை அருகில் வைத்தேன்.
அது துடிப்பைக் கேட்டுச் சொன்னது:
நாளைக்கு ஒன்பது வினாடி முந்துகிறது.
நெம்பியைத் தொட்டேன், தொட்டும் தொடாமல்.
இரண்டு. மறுபடி தொட்டேன், பின்தங்கியது.
திரும்ப இரண்டுக்கே வந்தேன்.

"என்ன லாத்தா?"
"முந்தி ஓடுச்சு. இழுத்துப் புடிச்சிருக்கேன்.
கடல்ல இறங்கும்போது கழட்டிருங்க.
ஸ்பீக்கர் மேல வைக்காதீங்க, காந்தம் ஏறிரும்.
ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா கொண்டாங்க."

கேட்டதற்கு இது பதிலில்லை என்று
அவருக்குத் தெரிந்ததா, தெரியவில்லை.
தலையாட்டினார். கட்டிக்கொண்டார்.
மூடுமுன் மார்ச் ஏழுக்குக் கீழே
இன்றைய தேதியையும் கீறியிருந்தேன்.

காசை வைத்துவிட்டுப் படிவரை போனவர் திரும்பினார்.
"சீட்டு ஒண்ணு தாங்களேன்.
மாமா கேப்பாக."

பேனா முதல் வரியில் கொஞ்ச நேரம் நின்றது.

கைக்கடிகாரம், ஒன்று.
குறைத்தது, ஏழு வினாடி.
ரூபாய் நூற்றைம்பது.